எந்தச் சபையில் கேட்பது?

1893ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 16ஆம் தேதியன்று, வைசிராயின் சட்டசபையில் அங்கம் வகித்த பிங்கா ராஜா, சர்க்கீட்டுப் புறப்படும் அதிகாரிகளின் முகாம்களுக்குச் சாமான்கள் சேகரிக்கப்படும்போது கிராமத்துக் கடைக்காரர்கள் அனுபவிக்க நேரும் கஷ்டங்களைக் குறித்து அரசாங்கத்தை நோக்கி ஒரு கேள்வி கேட்டார். இந்தியச் சட்டசபையில் விதிப்படி கேட்கப்பட்ட முதற் கேள்வியாக அதனையே சரித்திரக்காரர்கள் குறிப்பிடுகின்றனர். ராணுவச் செலவையோ உப்பு வரியையோ விட்டுவிட்டு, ஊர்க்கோடியில் கடை வைத்திருப்பவனுடைய சங்கடத்தை ஒரு ஜமீன்தார் முதன்முதலாக எடுத்துப் பேசினார் என்பது கவனிக்கத் தக்கது. பள்ளிக்கூடத்துக்குக் கூரையில்லை என்றும், ஆஸ்பத்திரியில் மருந்தில்லை என்றும், யாத்திரிகர் கூடுமிடத்தில் குடிநீரில்லை என்றும் நம்முடைய பிரதிநிதிகள் அன்று தொட்டுக் கேட்டுவரும் கேள்விகளின் ஜாதியைச் சேர்ந்ததே அந்த முதற் கேள்வியும்.

இந்தச் சிறு உரிமையும் எளிதாகக் கிடைத்ததன்று. 1853ஆம் வருஷத்துச் சாசனச் சட்டத்தின்படி கல்கத்தாவில் அமைந்த சட்டசபை, டல்ஹௌசியின் காலத்திலேயே, சட்டம் இயற்றுவதோடு நில்லாமல் அரசாங்கத்திடம் தஸ்தாவேஜுகளைக் கேட்கவும், அதிகாரிகளின் செயல்களுக்கு விளக்கம் கோரவும், ஒரு சின்னப் பார்லிமெண்டைப் போல நடந்துகொள்ளவும் தலைப்பட்டது. சபையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும் நீதிபதிகளுமே. ஆயினும் கேட்கத் தெரிந்தவனுக்குக் கேட்காமல் இருக்க முடிவதில்லை போலும். லண்டனில் இந்தியா விவகாரங்களைக் கவனித்துவந்த சார்லஸ் வுட்டுக்கு இது பிடிக்கவில்லை. 1861ஆம் வருஷத்துக் கவுன்சில் சட்டம், சபையில் இந்தியர்களுக்கு முதன்முதலாக இடமளித்தபோதே, கொண்டுவரப்பட்ட மசோதாவைத் தவிர வேறெதையும் அங்கே பேசலாகாது என்று வாயையும் அடைத்துவிட்டது. 31 வருஷங்களுக்குப் பின்னர், 1892ஆம் வருஷத்துச் சட்டத்தினால்தான் கேள்வி கேட்கும் உரிமை திரும்பக் கிடைத்தது. அப்பொழுதும் துணைக் கேள்வி கிடையாது. 1909இல் மூலக் கேள்வியைக் கேட்டவர் மாத்திரம் துணைக் கேள்வி கேட்கலாம் என்றும், மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்திற்குப் பிறகு எந்த அங்கத்தினரும் கேட்கலாம் என்றும் உரிமை படிப்படியாக விரிந்தது.

துணைக் கேள்விக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு என்று நினைப்பவர்கள், விடை எங்கே பிறக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முன்னறிவிப்புக் கொடுத்துக் கேட்கப்படும் கேள்விக்குரிய விடை, பதினைந்து நாட்கள் அவகாசத்தில், தலைமைச் செயலகத்தில் குறிப்பெழுதி, மேலதிகாரி திருத்தி, செயலர் ஒப்புக்கொண்டு, அமைச்சர் கையில் தட்டச்சுத் தாளாக வந்து சேர்கிறது. அதனை வாசிப்பதற்கு எழுத்தறிவு போதும். துணைக் கேள்விக்கோ தாள் கிடையாது. தம் இலாகாவை அமைச்சர் அறிவாரா, அல்லது இலாகாதான் அவரை நடத்துகிறதா என்பது அந்த இரண்டு நிமிஷத்தில் சபைக்கு விளங்கிவிடும். இன்றைக்கு மக்களவையில் நாளொன்றுக்கு வாய்மொழி விடைக்குரிய நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, எழுத்து மூலம் விடை பெறுபவை 230 என்று வரையறுக்கப்பட்டிருந்தும், ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தாறு கேள்விகளே வாய்மொழி விடையை எட்டுகின்றன. மற்றவை அச்சில் ஏறி நூலகத்துக்குப் போகின்றன.

கேள்வியைக் காட்டிலும் பலமான கருவி தீர்மானமும் தனிநபர் மசோதாவும் ஆகும். அவற்றைக் கையாண்ட விதத்தில் கோபாலகிருஷ்ண கோகலே இன்றளவும் ஓர் ஆதர்ச புருஷர். 1910ஆம் வருஷம் மார்ச் மாதம் அவர் ஆரம்பக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்குவதற்கு வழிதேட வேண்டுமென்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். விஷயத்தைக் கவனிப்பதாக அரசாங்கம் வாக்குறுதி அளித்தது. அதனை நம்பித் தீர்மானத்தை வாபஸ் பெற்றுக்கொண்டார். அவ்வருஷத்திலேயே இந்திய அரசாங்கத்தில் கல்விக்கென்று தனி இலாகா ஒன்று ஏற்பட்டதேயன்றி, கட்டாயக் கல்வி வரவில்லை. மறு வருஷம் மார்ச்சில் அவரே மசோதாவோடு வந்தார். அதில் அவர் கேட்டது மிகவும் சொற்பம்: குறிப்பிட்ட விகிதத்துக்குக் குறையாமல் குழந்தைகள் ஏற்கெனவே பள்ளிக்கு வந்துகொண்டிருக்கும் ஊர்களில் மாத்திரம், ஸ்தல ஸ்தாபனங்கள் விரும்பினால், அரசாங்கத்தின் அனுமதியோடு, ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பையன்களுக்குக் கட்டாயப் படிப்பை ஏற்படுத்தலாம், பெண் குழந்தைகளுக்கு அதனைப் பிற்பாடு விஸ்தரிக்கலாம். பரோடா சமஸ்தானத்தில் சாயாஜிராவ் கெய்க்வார் 1893இலேயே அம்ரேலிப் பகுதியில் தொடங்கி, 1906இல் ராஜ்யம் முழுவதிலும் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்துவிட்டதைக் கோகலே சுட்டிக் காட்டினார். ஒரு சுதேச மன்னரால் ஆனது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தால் ஆகாதா என்பது அவருடைய வாதத்தின் முனை.

1912 மார்ச்சில் மசோதா 13க்கு 38 வாக்குகளில் தோற்றது. தோற்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும். உத்தியோக அங்கத்தினர்களின் பெரும்பான்மை ஒரு பக்கம் இருக்க, கூலிக்கு ஆள் கிடைக்காமற் போகுமென்று அஞ்சிய நிலச்சுவான்தார்களும் இருந்தார்கள். ஆனால் அந்த விவாதத்தின் பலனாக 1918இல் விட்டல்பாய் படேலின் முயற்சியால் பம்பாயிலும், 1920இல் சென்னை மாகாணத்திலும் ஆரம்பக் கல்விச் சட்டங்கள் பிறந்தன. அரசியல் சட்டத்தின் 45ஆம் விதி பத்து வருஷ காலத்திற்குள் இதனை நிறைவேற்ற முயல வேண்டுமென்று சொல்லிற்று. 2002இல் 86ஆம் திருத்தம் அதனை அடிப்படை உரிமையாக்கிற்று. 2010 ஏப்ரல் முதல் தேதியன்று கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. கோகலேயின் மசோதா தோற்ற நாளிலிருந்து கணக்கிட்டால் 98 வருஷங்கள். அவருடைய சாமர்த்தியம் இதில் இருக்கிறது: கல்வி வேண்டுமென்று அவர் பொதுப்படப் பேசவில்லை, எந்த ஊரில், எத்தனை வயதில், யார் பணத்தில் மூன்றில் எத்தனை பங்கு என்று கேட்டார். மறுப்பவர்களும் அதே கணக்கின் மேல் நின்றுதான் மறுக்க வேண்டியிருந்தது.

சென்னைச் சட்டசபையிலும் இவ்வகைக் கேள்விகளுக்கு நல்ல பரம்பரை உண்டு. 1924ஆம் வருஷம் ஆகஸ்டு 22ஆம் தேதி இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுத் தெருக்களிலும் சாலைகளிலும் நடப்பதற்கும், பொதுக் கிணறு, குளம், பொதுக் கட்டடங்களை உபயோகிப்பதற்கும் எந்த வகுப்பினருக்கும் தடையில்லை என்று அறிவிக்கக் கோரியது. சபை அதனை ஏற்க, அரசாங்கம் செப்டம்பர் 25ஆம் தேதி 2660ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. கல்வியைப் பற்றியோ சுகாதாரத்தைப் பற்றியோ அத்தீர்மானத்தில் ஒரு வார்த்தையும் இராமலிருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருவில் ஒரு குழந்தை நடக்கக் கூடாதென்றால், அக்குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இருந்தென்ன இல்லாவிட்டாலென்ன? சீனிவாசன் வேரில் கை வைத்தார்.

மூன்று வருஷங்களுக்குள், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதே சபைக்கு நியமனம் பெற்று வந்து, 1927இல் உபதலைவராகவும் ஆனார். தேவதாசி ஒழிப்பில் அவர் செய்த சேவையை எல்லோரும் அறிவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை வேண்டுமென்று அவர் மன்றாடியதை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. கல்வி இலாகாவுக்குப் பிள்ளையின் கண் பார்வை கவலையில்லை. சுகாதார இலாகாவுக்கு அந்தப் பிள்ளை நோயாளியாகி வரும் வரையில் அது யாரோ. இரண்டு இலாகாக்களுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்த குழந்தையை ஒரு வைத்தியரின் கண் பார்த்தது. 1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அவர் பதவியை விட்டு விலகினார்.

சுதந்திரத்துக்குப் பிறகு பிரதிநிதிகளின் தொகையும், அவர்களுடைய கருவிகளின் தொகையும் பெருகின. கவன ஈர்ப்புத் தீர்மானம் 1954இல் நாமாகவே கண்டுபிடித்துக்கொண்ட முறை. அறுபதுகளில் வழக்கில் வந்த பூஜ்ய நேரத்துக்கு விதி நூலில் இடமே கிடையாது. மக்களவையின் 377ஆம் விதியும், மாநிலங்களவையின் விசேஷக் குறிப்பும் தொகுதிக் குறைகளை எழுப்புவதற்கென்றே இருக்கின்றன. இத்தனை வாசல்கள் இருந்தும் கேட்டவருக்கு விடை கிடைக்காமற் போவதற்குப் பிரதிநிதிகளின் சோம்பேறித்தனத்தைக் காரணமாகச் சொல்வது பத்திரிகைகளுக்குப் பழக்கமாகிவிட்டது. அது முழு உண்மையன்று என்பது என் அபிப்பிராயம். கேள்வி எந்தச் சபைக்கு உரியது என்னும் வழக்கிலேயே பாதிக் கேள்விகள் மாய்ந்துபோகின்றன.

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை ராஜாங்க விவகாரங்களை மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்றாகப் பங்கிட்டிருக்கிறது. பொதுச் சுகாதாரமும் ஆஸ்பத்திரிகளும் மாநிலப் பட்டியலில் ஆறாவது இனம். கல்வி முதலில் அதே பட்டியலில் பதினோராவது இனமாக இருந்து, நெருக்கடி நிலைக் காலத்தில் இயற்றப்பட்ட 42ஆம் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. சுற்றுலா என்று தேடினால் மூன்று பட்டியல்களிலும் அது அகப்படாது. மாநிலப் பட்டியலின் ஏழாவது இனமாக, உள்நாட்டுத் தீர்த்த யாத்திரைகள் இருக்கின்றன! காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போகிறவர்களைச் சட்டம் இயற்றியவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். வேனிற்காலத்தில் குளிர் தேடி மலையேறும் லட்சக்கணக்கான குடும்பங்களை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. மத்திய சர்க்காரில் சுற்றுலாவுக்கு 1949இல் ஒரு கிளையும், 1958இல் ஓர் இலாகாவும் ஏற்பட்டன. மாநிலங்களிலும் அமைச்சர்கள் உண்டு. அதிகாரம் மாத்திரம் யாருக்கென்று எழுதப்படவில்லை.

இதன் விளைவை நீலகிரியில் கண்கூடாகக் காணலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர் ஏறும் மலை ரயில், 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அது ஓடாமல் நின்றால் கேட்க வேண்டிய இடம் தில்லி. தாவரவியல் பூங்கா மாநிலத் தோட்டக்கலைத் துறையினுடையது. நெடுஞ்சாலையின் ஒரு பகுதி தேசியம், ஒரு பகுதி மாநிலம். குப்பையை அள்ள வேண்டியது நகராட்சி. காட்டெல்லை வனத்துறையிடம். வந்தவர்களின் வாகன நெரிசலில் ஆம்புலன்ஸ் அகப்பட்டுக்கொண்டால் அது சுகாதார விவகாரமா, போக்குவரத்தா, சுற்றுலாவா என்று சொல்லத் தெரிந்தவர் யாருமில்லை. பள்ளி வாகனம் கொண்டையூசி வளைவில் காத்துக் கிடந்தால், கல்வி அமைச்சரைக் கேட்பதில் பயனில்லை. அந்த மலைவாசிக்கு இவை யாவும் ஒரே நாளில் ஒரே சாலையில் நேரும் ஒரே கஷ்டம். அவருடைய பிரதிநிதியோ அதனை ஆறு கேள்விகளாகக் கிழித்து இரண்டு சபைகளிலும் ஒரு நகர்மன்றத்திலும் கேட்டாக வேண்டும். கடைசியில் விடை வந்தது எங்கிருந்து? சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவினால் 2024 மே 7ஆம் தேதி முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை அமலாயிற்று. மறு வருஷத்துக் கோடையில் நீலகிரிக்குச் சாதாரண நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்களென்று நீதிமன்றமே எண்ணிக்கையையும் வரையறுத்தது. வாகனங்களை எண்ணும் வேலை நீதிபதிகளுக்கு வந்து சேர்ந்ததைப் பாராட்டுவதா, சட்டசபைக்காக வருந்துவதா என்பது அவரவர் மனப்பான்மையைப் பொறுத்தது.

சுற்றுலாவைப் பற்றிப் பிரதிநிதிகள் ஒரே குரலில் பேசிய சந்தர்ப்பங்களும் இல்லாமலில்லை. கன்னியாகுமரிப் பாறையில் விவேகானந்தருக்கு நினைவாலயம் அமைக்க மாநில முதலமைச்சர் பக்தவத்சலமும், மத்தியில் ஹுமாயூன் கபீரும் தயங்கி நின்றபோது, நினைவாலயக் குழுவின் அமைப்புச் செயலாளர் ஏக்நாத் ரானடே தில்லியில் சில நாட்களுக்குள் 323 நாடாளுமன்ற அங்கத்தினர்களின் கையெழுத்தைத் திரட்டினார். 1970இல் நினைவாலயம் திறக்கப்பட்டது. கட்டடம் வேண்டுமென்பதற்கு 323 கையெழுத்துகள் சேர்ந்தன. கட்டடத்தைப் பார்க்க வருபவர்களுக்குக் கழிப்பிடம் வேண்டும், அவ்வூர் மீனவர்களுக்குப் படகுத்துறை தடைபடாமலிருக்க வேண்டும் என்பவற்றுக்கு அப்படிக் கையெழுத்துகள் சேர்வதில்லை. சுற்றுலாவைப் பற்றிய கேள்விகளில் பெரும்பாலானவை 'இன்ன ஊரைச் சுற்றுலாத் தலமாக அரசு அறிவிக்குமா?' என்னும் வடிவிலேயே இருப்பதைச் சபைக் குறிப்புகளைப் புரட்டுபவர்கள் காணலாம். அறிவித்த பிறகு அவ்வூருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் அரிது.

சுகாதாரத்தில் சங்கடம் வேறு விதமானது. அங்கே கேள்வி எப்பொழுதும் மரணத்தின் பின்னாலேயே வருகிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது நம்முடைய வேலூரில், 1955இல். ஆனால் அதன் கொடுமையை நாடு அறிந்தது உத்தரப் பிரதேசத்துக் கிழக்குப் பகுதியில். கோரக்பூரில் 1978 முதல் மழைக்காலந்தோறும் அது குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. மக்களவையில் கேட்டால், சுகாதாரம் மாநில விவகாரம் என்பது முதல் விடை. லக்னோவில் கேட்டால், தடுப்பூசியை மத்திய அரசே தருவிக்க வேண்டும் என்பது மறு விடை. இரண்டும் சட்டப்படி சரியானவையே! 2005இல் ஒரே பருவத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, 2006இல் சீனத்திலிருந்து தருவித்த தடுப்பூசி பெருமளவில் போடப்பட்டது. அத்தொகுதியிலிருந்து 1998 முதல் தொடர்ந்து தேர்ந்தெடுக்கப்பட்ட யோகி ஆதித்யநாத் மக்களவையில் இந்நோயைப் பற்றிப் பலமுறை எழுப்பியவர். 2017 மார்ச்சில் அவரே அம்மாநிலத்தின் முதலமைச்சரானார். ஆகஸ்டு மாதத்தில் அந்நகரத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சில நாட்களுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. பிராணவாயு வழங்கியவர்களுக்குப் பாக்கி நின்றதும், அது வருவது தடைப்பட்டதும் பெரிய விவாதமாயின. மரணங்களுக்கு அது காரணமன்று என்று அரசாங்கம் மறுத்தது. பிற்பாடு தடுப்பூசியும் சுகாதாரப் பிரசாரமும் தீவிரமாக்கப்பட்டு நோய் குறைந்தது. கேட்டவரே விடை சொல்லும் ஆசனத்துக்கு வந்தபோதும், ஆஸ்பத்திரியின் பட்டுவாடாக் கணக்கு அவருடைய பழைய கேள்விகளைப் படித்திருக்கவில்லை.

சபையின் ஆரவாரத்துக்கு வெளியே, மூடிய கதவுகளுக்குள் நடக்கும் நிலைக்குழுக்களின் வேலை இதைவிடப் பயனுள்ளதாக எனக்குத் தோன்றுகிறது. 1993இல் 17 குழுக்களாக ஆரம்பித்து 2004இல் 24 ஆன இவற்றில், சுகாதாரக் குழு 2012 மே மாதத்தில் அளித்த 59ஆவது அறிக்கையை உதாரணமாகச் சொல்லலாம். இந்திய நோயாளிகளிடம் பரிசோதனை நடத்தாமலேயே பல புதிய மருந்துகள் அனுமதி பெற்றதை அக்குழு கோப்புகளைத் தருவித்துப் பார்த்து வெளிப்படுத்தியது. ஒரு மணி நேரக் கேள்வியால் இது ஆகியிராது. அங்கே கட்சிக் கொடிகள் தாழ்ந்திருப்பதும், தொலைக்காட்சி இல்லாதிருப்பதும் ஒரு சௌகரியம்.

பிரதிநிதியின் குரல் தணிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதனை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. 1993 டிசம்பரில் ஆரம்பிக்கப்பட்ட தொகுதி மேம்பாட்டு நிதி, அங்கத்தினருக்கு 5 லட்சம் ரூபாயில் தொடங்கி, 2011 முதல் வருஷத்துக்கு 5 கோடியாக வளர்ந்திருக்கிறது. வகுப்பறை வேண்டுமென்று வருபவர்களிடம், அமைச்சரைக் கேட்கிறேன் என்று சொல்வதற்குப் பதிலாக, நானே தருகிறேன் என்று சொல்வது யாருக்குத்தான் இனிக்காது? கல்வெட்டில் பெயரும் இருக்கும். ஆனால் தந்தவரே அவ்வகுப்பறைக்கு ஆசிரியர் இல்லை என்று எழுந்து கேட்கும்போது, அக்கேள்வியில் பழைய உஷ்ணம் இருப்பதில்லை. காசு வாங்கிக் கேள்வி கேட்டதற்காக 2005 டிசம்பரில் 11 அங்கத்தினர்கள் வெளியேற்றப்பட்டது பெரிய களங்கம்தான். காசு கொடுக்கும் இடத்தில் அமர்ந்ததனால் கேட்காமற் போன கேள்விகளுக்குக் கணக்கெடுப்பவர் இல்லை. 2020ஆம் வருஷத்து மழைக்காலக் கூட்டத் தொடரில் தொற்றுநோயைக் காரணமாகக் காட்டிக் கேள்வி நேரமே கைவிடப்பட்டபோது, வெளியே பெரிய கிளர்ச்சி ஒன்றும் எழாததில் ஆச்சரியமில்லை.

விடைகளில் மிகப் பழக்கமானவை, 'பரிசீலனையில் இருக்கிறது', 'தகவல் திரட்டப்படுகிறது', 'ஆவன செய்யப்படும்' என்பவை. இவற்றைச் சபையினர் கேட்டுச் சிரித்துவிடுவது வழக்கமானாலும், சட்டப்படி இவை வெறும் வார்த்தைகளல்ல. மக்களவையில் 1953 டிசம்பரில் ஏற்பட்ட அரசு உறுதிமொழிக் குழு, இவ்வகைச் சொற்றொடர்களுக்கு ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்றை அமைச்சர் உச்சரித்த கணத்தில் அது உறுதிமொழியாகப் பதிவாகி, மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டியதாகிறது. மாநிலங்களவையிலும், தமிழ்நாடு சட்டப் பேரவையிலும் இதே வேலைக்குக் குழுக்கள் உண்டு. மூன்று மாதம் மூன்று வருஷமாவதும், இலாகா அவகாசம் கேட்டுக்கொண்டே இருப்பதும், சில உறுதிமொழிகளைக் கைவிட அனுமதி கோருவதும் நடக்கின்றன. எனினும் கணக்கு எழுதப்படுகிறது. மக்களவை கலைக்கப்பட்டால் அங்கே நிலுவையிலுள்ள மசோதாக்கள் காலாவதியாகின்றன. இக்குழுவின் முன்னுள்ள நிலுவை உறுதிமொழிகள் அப்படி ஆவதில்லை. ஆரம்பச் சுகாதார நிலையத்தைத் தரம் உயர்த்துவது பரிசீலனையில் உள்ளது என்று விடை பெற்ற அங்கத்தினர் தேர்தலில் தோற்றுப்போயிருக்கலாம், விடை சொன்ன அமைச்சரும் போயிருக்கலாம். அந்தத் தொகுதிக்குப் புதிதாக வந்தவர் அப்பதிவேட்டைத் தருவித்துத் தமக்கு முன்னிருந்தவர், எதிர்க்கட்சிக்காரராகவே இருந்தாலும், பெற்றுவைத்த உறுதிமொழி எந்தக் கட்டத்தில் நிற்கிறதென்று பார்க்கலாம். அதற்கு முன்னறிவிப்பும் வேண்டியதில்லை, குலுக்கலில் பெயர் விழவும் வேண்டியதில்லை.